தங்கமணி வாங்கிய தொண்ணூற்றொன்று

இரண்டாம் மாதமும் நாற்பத்தொன்று என்றே வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் டியூசன் நிலையம் வாட்சாப்பில் அனுப்பியிருந்த தாளைத் தங்கமணி கைப்பேசியில் விரித்து விரித்துப் பார்த்தாள். எண் பெரிதாகத் தெரிந்ததே தவிர, கூடவில்லை.

"எழுபது வேணும்னு சொன்னாங்கல்ல? நீ என்னா நாப்பத்தொன்னுல குந்திக்கிட்டு இருக்க?"

"நான் படிச்சிக்கிட்டுதாம்மா இருக்கேன். அதுக்குத்தான் தெரியல," என்றாள் ஷாமினி.

அது என்று அவள் சொன்னது கையில் கட்டும் பேண்டை. கறுப்பு ரப்பர் பட்டை, நடுவில் பயற்றம் பருப்பு அளவுக்கு ஒரு விளக்கு. மணிக்கட்டின் வியர்வையையும் நாடியையும் பார்த்து, பிள்ளை பாடத்தில் கவனமாக இருக்கிறதா, கனவு காண்கிறதா என்று அது சொல்லிவிடுமாம். கவனம் இருந்தால் பச்சை, அரைகுறை என்றால் மஞ்சள், இல்லாவிட்டால் சிவப்பு. ஏதோ ஒரு கம்பெனி வசதியில்லாத பன்னிரண்டு பிள்ளைகளுக்கு அந்த நிலையத்தில் இலவச இடம் வாங்கிக் கொடுத்து, ஆளுக்கொரு பேண்டும் கொடுத்திருந்தது. சனி, ஞாயிறு பேண்டோடு நேரில் வகுப்பு. திங்கள் முதல் வியாழன் வரை ஏழரையிலிருந்து ஒன்பது மணிவரை வீட்டில் பேண்டைக் கட்டிக்கொண்டு படிக்க வேண்டும். வீட்டுப் படிப்பின் மதிப்பெண் மொத்தத்தில் மூன்று மாதம் எழுபதுக்குக் கீழே போனால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். செமினி என்ற ஊரில் கிஷன் என்று ஒரு பையன் காத்திருந்தான். நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் மார்வின் சார் அவன் பெயரை வாய்தவறிச் சொன்ன நாளிலிருந்து, முகம் தெரியாத அந்தப் பையன்மேல் தங்கமணிக்குப் பகை.

ஷாமினி சோம்பேறி இல்லை. புத்தகத்தை எடுத்தால் ஒன்றரை மணி நேரம் அசையாமல் இருப்பாள். அப்பன் பரமேஸ்வரன் லோரியோடு ஜொகூர் போய் அங்கேயே இன்னொரு வீடு பார்த்துக்கொண்டான் என்று தெரிந்த அன்றைக்கும் அழாமல் சோறு வடித்தவள். பள்ளிச் சோதனையில் பிசிக்ஸில் எண்பத்தெட்டு வாங்கியிருந்தாள். ஆனால் பேண்டுக்கு அவள் தூங்குகிறவள்.

மார்வின் சாரும் நல்ல மனிதர்தான். போனில் தாழ்ந்த குரலில் சொன்னார்: "சில பேரு பாடி அப்படி ஆன்டி. கூல் டைப். அவ படிக்கிறான்னு எனக்குத் தெரியும். ஆனா ஸ்பான்சர் இத மட்டும்தான் பாப்பாங்க. நான் என்னா செய்ய முடியும், சொல்லுங்க?"

தங்கமணி கிள்ளானை அடுத்த மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். இருபத்திரண்டு வருடமாகத் தரம் பார்க்கும் பிரிவு. ஒரு மூட்டைக் கையுறையிலிருந்து கொஞ்சத்தை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, ஊசிமுனை அளவு சொட்டினாலும் ரிஜெக்ட் என்று எழுத வேண்டும். ஷாமினி அந்த வரிசையில் வந்து நிற்கக் கூடாது. தங்கமணிக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். பள்ளி இறுதி அரசுத் தேர்வான எஸ்.பி.எம்.முக்கு இன்னும் ஐந்தரை மாதம் இருந்தது. ஆட்மேத்ஸ் என்ற கூடுதல் கணக்கும் பிசிக்ஸும் அந்த நிலையத்தில் சொல்லிக்கொடுத்த மாதிரி கிள்ளானில் யாரும் சொல்லிக்கொடுத்து அவள் கேட்டதில்லை.

மூன்றாம் மாதத்து முதல் திங்கட்கிழமை. பக்கத்துச் சூரா பள்ளிவாசலில் பாங்கு ஓய்ந்ததும் ஷாமினி பேண்டைக் கட்டினாள். பத்து நிமிடத்தில் கையைச் சொறிய ஆரம்பித்தாள். பட்டைக்குக் கீழே தோல் தடித்துச் சிவந்திருந்தது.

"ரப்பர் ஒத்துக்கல ஒனக்கு. எங்க லைன்ல எத்தன பேருக்குப் பாத்திருக்கேன். கழட்டு, பவுடர் போடுறேன்."

"கழட்டி ஒரு நிமிசம் ஆச்சின்னா இன்னிக்கு முட்டைம்மா."

"கொண்டா, நான் போட்டுக்கறேன். ரப்பர் என்னைய ஒன்னும் செய்யாது."

ஷாமினி பவுடரைத் தேடிப் போனாள். தங்கமணி சும்மா உட்கார்ந்திராமல் மேசையில் விரிந்து கிடந்த செஜாரா புத்தகத்தை இழுத்தாள். சரித்திரப் பாடம், மலாயில். படிவம் இரண்டோடு பள்ளியை விட்டவள், ஆனால் மலாய் வாசிப்பாள். கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்ட டாருராட் காலத்தில் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்டு, ஆட்களை எண்ணி உள்ளே விட்டார்கள் என்று அந்தப் பக்கத்தில் இருந்தது. அவள் கையை நிறுத்தினாள். அவள் பிறந்து வளர்ந்தது காப்பார் பக்கம் ஒரு தோட்டம். அங்கே லயத்துக்குப் பின்னால் வரிசையாகத் துருப்பிடித்த இரும்புக் கம்பங்கள் நிற்கும். அம்மா அவற்றில் கயிறு கட்டித் துணி காயப்போடுவாள். துணி காயப்போடத்தான் வெள்ளைக்காரன் நட்டுவைத்தான் என்று இந்த நாற்பத்தாறு வயது வரைக்கும் நினைத்திருந்தாள்.

நெஞ்சுக்குள் ஏதோ படபடவென்று துள்ளியது.

"அம்மா! கைய பாருங்க!"

விளக்கு பச்சையாக எரிந்தது. ஷாமினி பவுடர் டப்பாவோடு நின்றாள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், பச்சை மாறவில்லை.

"அலாமாக், என்னைய விட நீங்க கெட்டிக்காரியா?" ஷாமினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

"பின்ன? ஒங்கப்பன் ரத்தமா இருந்தா செவப்பு எரியும். இது எங்க பக்கம்."

அன்றைக்குப் பேண்டு அவள் கையிலேயே இருந்துவிட்டது. மறுநாளும் அப்படியே. தப்பு என்று ஷாமினி ஒருமுறை முணுமுணுத்தாள். தங்கமணிக்கு அது தப்பாகத் தெரியவில்லை. தொழிற்சாலையில் மெஷின் சில நேரம் நல்ல கையுறையை எல்லாம் ரிஜெக்ட் தொட்டியில் தள்ளிவிடும். அதைக் கையால் எடுத்து நல்ல பெட்டியில் போடுவதுதானே அவள் வேலை? பிள்ளை படிக்கிறாள். அவளுக்குத் தெரிகிறது, மெஷினுக்குத் தெரியவில்லை. எடுத்துப் போட்டாள்.

ஏழரை மணி என்றால் இப்போது வீட்டில் இரண்டு பேர் படித்தார்கள். மேசையின் ஒரு பக்கம் ஷாமினி கணக்குப் போடுவாள். எதிர்ப்பக்கம் தங்கமணி பேண்டைக் கட்டிக்கொண்டு, தெரியாத சொல்லுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருப்பாள்.

"மலாக்காவ கண்டுபிடிச்ச ராஜா பேரு பரமேஸ்வராவாம்டி."

"அது நாலாவது பாரம் படிக்கிறப்பவே வந்திருச்சும்மா."

"அவனும் சொந்த ஊர்ல நிக்க முடியாம ஓடி வந்தவந்தான். பேரு ராசி போல."

படிக்கப் படிக்க அந்தப் படபடப்பு வந்தது. சில நாள் தொண்டை வரைக்கும் ஏறியது, மூச்சை அடைத்தது. படிப்பு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அவள் எடுத்துக்கொண்டாள். பதினாலு வயதில் விட்டதை உடம்பு இப்போது கேட்டு வாங்குகிறது. தொழிற்சாலையில் உடன் வேலை செய்யும் பவுனம்மாள் அக்கா மாடிப்படியில் அவளை நிறுத்திவைத்துக் கேட்டாள்: "என்னாடி, ஒரு மாடிக்கே எருமமாடு கணக்கா மூச்சு வாங்குற?" 

"ராத்திரில படிக்கிறேங்க்கா. தூக்கம் கம்மி."

"ஆமா லா, நீ படிச்சு மந்திரியாவப் போற!"

அந்த மாத மதிப்பெண் எண்பத்து நான்கு. அதற்கு அடுத்த மாதம் தொண்ணூற்றொன்று. ஷாமினியின் வீட்டுப் படிப்புதான் பன்னிரண்டு பேரில் முதல் என்று மார்வின் சார் எல்லாப் பெற்றோரும் இருக்கும் குழுவில் போட்டிருந்தார். கைதட்டும் படங்கள் வந்து விழுந்தன. தங்கமணி அதைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொண்டாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்து எடுத்துப் பார்ப்பாள். பெயர் ஷாமினியுடையதுதான். ஆனால் எண் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். தங்கமணிக்கு இதற்குமுன் யாரும் தொண்ணூறு போட்டதில்லை.

அதற்கு அடுத்த வாரம் மார்வின் சார் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் ஆன்டியும் வர வேண்டும்.

நிலையம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. செங்குத்தான படி. தங்கமணி நடுவில் இரண்டு முறை நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். கூண்டோடு பிடிபட்டோம் என்றுதான் நினைத்தாள். என்ன பொய் சொல்லலாம் என்று கொமுட்டர் ரயிலிலேயே யோசித்து வைத்திருந்தாள்.

"ஆன்டி, பயப்படாதீங்க, மொதல்லயே சொல்லிடறேன்," என்றார் மார்வின் சார். அப்படிச் சொன்ன பிறகுதான் அவளுக்கு உண்மையாகவே பயம் வந்தது.

அவர் இரண்டு தாள்களை மேசையில் வைத்தார். "இது சனி ஞாயிறு கிளாஸ்ல எடுத்தது. நாடி பாருங்க, அழகா வரிசையா போவுது. இது வீட்டுல. கோணமாணயா துள்ளுது, விட்டுப்போவுது, மறுபடி துள்ளுது. ரெண்டு மாசமா இப்படித்தான் இருக்காம். கம்பெனில இப்பத்தான் கவனிச்சிருக்காங்க. பதினேழு வயசு புள்ளைக்கு இது வரக்கூடாது, ஒடனே டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு சொல்றாங்க."

ஷாமினி தாளைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். தங்கமணி மேசைக்கு அடியில் அவள் தொடையை அழுத்திப் பிடித்தாள்.

மார்வின் சார் ஷாமினி பக்கம் குனிந்தார். "வீட்டுல எதாச்சும் பிரச்சனையாம்மா? யாரையாச்சும் பாத்து பயமா?"

"இல்ல சார்."

"டாக்டர் லெட்டர் வர்ற வரைக்கும் பேண்டு வேணாம். சீட் அப்படியே இருக்கும், அதுக்கு நான் பொறுப்பு."

கேட்க வேண்டியது எத்தனையோ இருந்தும் தங்கமணி வாயில் வேறொன்று வந்தது.

"அப்ப அந்தத் தொண்ணூத்தொன்னு, சார்?"

மார்வின் சார் சங்கடப்பட்டார். "அதான் ஆன்டி. நாடி கண்டபடி துள்ளுச்சின்னா மெஷினு அத கவனம்னு கணக்கெடுத்துக்குமாம். அது படிச்சதுக்கு வந்த மார்க் இல்ல. நோவுக்கு வந்தது. ஆனா கொடுத்தத நாங்க திருப்பி எடுக்க மாட்டோம், கவலப்படாதீங்க."

படியிறங்கும்போது கீழே கடையில் யாரோ ரசம் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். தங்கமணி ஒவ்வொரு படியாகக் காலை வைத்தாள். தனக்கு நெஞ்சில் நோய் இருக்கிறது என்பது இன்னும் அவளுக்குள் போய்ச் சேரவில்லை. படிக்கவில்லை என்று சொன்னதுதான் போய்ச் சேர்ந்திருந்தது.

ரயில் சுபாங் ஜெயா தாண்டியதும் ஷாமினி அம்மா பக்கம் திரும்பினாள்.

"அது ஒங்க நெஞ்சும்மா."

"சத்தம் போடாத."

"நாளைக்கே போன் பண்ணி சார்கிட்ட சொல்லிடறேன். நாந்தான் போடச் சொன்னேன்னு சொல்றேன்."

"சொல்லிப்புட்டு? சீட்ட அந்த செமினி பையனுக்கு தூக்கிக் குடுத்துட்டு, நீ எங்ககூட வந்து கையுறைல தண்ணி ஊத்து." தங்கமணி அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் தலையில் வைத்தாள். எதிரே உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "என் மேல சத்தியம். நீ யாருகிட்டயும் வாயத் தொறக்கக் கூடாது. ஒன்னைய டாக்டர்கிட்ட காட்டுவோம். ஒனக்கு ஒன்னுமில்லன்னு எழுதிக் குடுப்பாரு. பேண்டுதான் கோளாறுன்னு வேற பேண்டு தருவாங்க. நான் எஸ்.பி.எம். முடிஞ்சதும் போய்க் காட்டிக்கறேன்."

"அதுவரைக்கும்?"

"இத்தன நாளு இருந்தேன்ல?"

கிள்ளான் தென்கரையில் டாக்டர் திமோத்தியின் கிளினிக். வயதானவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுகிறவர். ஷாமினியைப் படுக்கவைத்து நெஞ்சில் வயர்களை ஒட்டி எடுத்த காகிதத்தையும், மார்வின் சார் கொடுத்த தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"பாப்பாக்கு ஒன்னுமே இல்ல. குதிர மாதிரி இருக்கா," என்றார். பிறகு தங்கமணியைப் பார்த்தார். "இந்த பேண்ட வேற யாராச்சும் போட்டாங்களாம்மா?"

"இல்ல டாக்டர்."

"யாருமே போடல?"

"யாருமே போடல."

ஷாமினி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

"சரி. பேண்டு பழுதுன்னு வச்சிக்குவோம். ஆனா ஒன்னு சொல்றேன், கேட்டுக்குங்க. இந்த மாதிரி நெஞ்சு சரியா அடிக்காம நடுங்கிக்கிட்டு இருந்தா, உள்ள ரத்தம் கட்டியாவும். அது மூளைக்குப் போச்சின்னா ஸ்ட்ரோக். ஒரு கை, ஒரு கால், வாயி, எல்லாம் போயிடும். மருந்து இருக்கு, போட்டா காப்பாத்தலாம். தள்ளிப்போட்டா நான் ஒன்னும் சொல்ல முடியாது."

ஷாமினிக்கு வேண்டிய கடிதத்தை எழுதி முத்திரை குத்தினார். பிறகு இன்னொரு தாளை எடுத்து, பொது மருத்துவமனை இருதயப் பிரிவுக்கு என்று தொடங்கி எழுதினார். பெயர் எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டார்.

"இது முறையில்ல. செய்யக் கூடாது," என்று தனக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னார். "யாருக்கு வேணுமோ அவங்க பேர எழுதிக்குங்க."

தங்கமணி அதைத் தொடவில்லை. ஷாமினி எடுத்து மடித்துப் பையில் வைத்தாள்.

பத்து நாளில் புதுப் பேண்டு வந்தது. பழைய மாதிரியேதான், பட்டை மட்டும் சாம்பல் நிறம், துணி வைத்துத் தைத்தது. அரிக்காது என்று மார்வின் சார் எழுதியிருந்தார்.

சூராவில் பாங்கு ஓய்ந்தது. தங்கமணி செஜாரா புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கையை நீட்டினாள். கம்பெனிக்காரன் கண்ணில் படாமல் இருக்க இரண்டு நாளைக்கு ஒருமுறை போட்டால் போதும், எழுபதைத் தாண்டினால் போதும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

ஷாமினி பேண்டைத் தன் கையில் கட்டிக்கொண்டாள்.

"கொண்டா இங்க."

"ஆஸ்பத்திரிக்கு வரேன்னு சொல்லுங்க, தரேன்."

"நான் போனா இந்தக் கைதான்னு தெரிஞ்சி போவும்டி. அங்க போனா எழுதி வைப்பான், கம்பெனிக்காரன் கேப்பான்..."

"யாரும் கேக்க மாட்டாங்க. ஒங்களுக்கு போவ பயம்."

விளக்கு கொஞ்ச நேரம் மஞ்சளாக இருந்தது. பிறகு சிவந்தது. ஷாமினி அதைத் திரும்பிப் பார்க்காமல் கணக்குப் போட்டாள். தங்கமணி கத்தினாள், கெஞ்சினாள், ஒருநாள் பட்டையைப் பிடித்து இழுத்தாள். ஷாமினி அசையவில்லை. அவளை எதற்கும் அசைக்க முடியாது, எந்த மெஷினைக் கேட்டாலும் சொல்லும். செவ்வாய், புதன், வியாழன், அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம். மேசையின் எதிர்ப்பக்கம் அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே தங்கமணி உட்கார்ந்திருந்தாள். புத்தகம் விரிந்தே இருந்தது. பக்கம் திருப்பவில்லை.

சத்தியத்தை ஷாமினி மீறவில்லை. யாரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை.

மாதக் கடைசியில் முப்பத்தெட்டு வந்தது. மார்வின் சார் தானே போனில் அழைத்துப் பேசினார். உடம்புக் கோளாறு என்று எழுதிக் கேட்டுப் பார்த்தாராம், மூன்று மாதம் மூன்று மாதம்தான் என்று சொல்லிவிட்டார்களாம். ஷாமினி "பரவால்ல சார், தேங்க்ஸ் சார்," என்று சொல்லிப் போனை வைத்தாள். பேண்டைத் துடைத்து, அது வந்த பெட்டியிலேயே போட்டு, திருப்பி அனுப்பக் கட்டினாள்.

பிறகு செஜாரா புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். டாருராட் பாடத்துப் பக்கத்திலிருந்து, அவள் செருகி வைத்திருந்த டாக்டர் திமோத்தியின் தாள் விழுந்தது. அவள் பேனாவை எடுத்துக் காலியிடத்தில் அம்மாவின் முழுப்பெயரையும், அடையாள அட்டை எண்ணையும் எழுதினாள்.

"இப்ப காட்டிக் குடுக்க ஒன்னுமில்லம்மா. சீட்டும் இல்ல, பேண்டும் இல்ல. இனி என்னா சொல்லப்போறீங்க?"

தங்கமணி மகளைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடமாக ஒரு சொட்டுக் கசிவைக்கூடத் தவறவிடாத கண். பிள்ளை இந்த ஒரு மாதமும் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதை அது பார்க்கவில்லை.

"பாவி," என்றாள். "ஒன் தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்கிட்டியே."

ஷாமினி தாளை மடித்துப் பள்ளிப் பையில் வைத்தாள்.

வியாழக்கிழமை காலை ஆறரைக்கே மருத்துவமனையில் எண் எடுத்தார்கள். ஆயிரத்து நூற்று எட்டு. வரிசை நாற்காலிகளில் ஆட்கள் ஏற்கெனவே நிறைந்திருந்தார்கள். தங்கமணி சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு, மகள் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள். இன்றைக்குப் பள்ளியில் பிசிக்ஸ் மாதிரித் தேர்வு. ஷாமினி போகவில்லை.

ஏழு மணி ஆனது. எட்டரை ஆனது. ஷாமினி பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். கோடு போட்ட சொற்களெல்லாம் அம்மாவின் பென்சில்.

"அம்மா," என்றாள் மெதுவாக. "டாருராட் எந்த வருசம் தொடங்குச்சு?"

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு, ஜூன் மாதம். தங்கமணிக்குத் தெரியும். எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றும், அந்தப் பக்கத்தில் எந்த மூலையில் என்றும் தெரியும். நெஞ்சு இரண்டு முறை துள்ளி, ஒன்றை விட்டு, மறுபடி துள்ளியது.

அவள் வாயைத் திறக்கவில்லை. சுவரில் சிவப்பாக மாறி மாறி எரியும் எண்களைப் பார்த்தபடியே இருந்தாள். ஆயிரத்து அறுபத்திரண்டு ஓடிக்கொண்டிருந்தது.